கிரானில் இறங்காதவர்

றிஷாட்: புரோகிராம் திரும்பவும் நிண்டுட்டா?

உதயரூபன்: நிண்டுட்டு.

றிஷாட்: அதே இடத்திலயா?

உதயரூபன்: அதே இடம்தான் மச்சான். பட்டன அமத்தினா ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு. மறுகா ஒண்டும் அசையுதில்ல.

றிஷாட்: தள்ளி இரு, பாப்பம். ஜன்னலயும் திற, வாவிக் காத்தாவது வரட்டும். ரெண்டு மணிக்குப் பிரஷாந்தி மிஸ் வந்து ஒவ்வொருத்தர்ர புரோகிராமையும் ஓட்டிப் பாப்பா, தெரியும்தானே?

உதயரூபன்: தெரியும், தெரியும்.

றிஷாட்: நீ இருவது வரிசமா மில்லுக்கும் கடைக்கும் புரோகிராம் எழுதுறவன். அனுபவமுள்ள ஆக்களுக்கான ட்ரெய்னிங் எண்டு சொல்லி வந்து இருந்துட்டு, கடைசி நாள் பெயில் எண்டா ஊரே சிரிக்கும்.

உதயரூபன்: சிரிக்கட்டும். உன்டது ஓடுதா?

றிஷாட்: என்டதுக்கு என்ன? பேக்கரிப் புரோகிராம். பணிசுக்குப் பொஞ்சாதி புள்ளையா இரிக்கு? நீதான் வேலியில போனத இழுத்து மடியில போட்ட. வெள்ள நிவாரணமாம், குடும்பமாம்...

உதயரூபன்: நிவாரணம் குடுக்கிற சங்கத்துக்கு அதுதானே தேவை. வெள்ளம் வந்தா முதல்ல போறது இன்டர்நெட். சங்கத்து மெசினிலயே நிண்டு ஓடணும். இந்த வீட்டில இத்தின பேர், இந்த வீட்டுக்கு இத்தின பார்சல் எண்டு அது சொல்லணும்.

றிஷாட்: அது சரி. எந்தப் பட்டன அமத்தினா நிக்குது?

உதயரூபன்: ...ஒரு பட்டன் கிடக்கு. 'இறந்தவர்' எண்டு.

றிஷாட்: ம். ஆர இறந்தவராக்கின?

உதயரூபன்: குடும்பத் தலைவிய.

றிஷாட்: வேற ஆக்கள அமத்திப் பாத்தியா?

உதயரூபன்: பாத்தன். புருசன அமத்தினா ஓடுது. மருமகன அமத்தினாலும் ஓடுது.

றிஷாட்: மருமகனயும் போட்டுத் தள்ளிட்டியா! படுபாவி...

உதயரூபன்: டெஸ்ட்டுக்குத்தான்டா.

றிஷாட்: எல்லா மாமன்மாரும் அப்பிடித்தான் சொல்லுவானுகள். பொறு, பொறு... இந்தா. இதுதான். கண்டுட்டன்.

உதயரூபன்: என்ன?

றிஷாட்: புருசன்ட விலாசம் எங்க?

உதயரூபன்: உள்ளுக்குத்தான் கிடக்கு.

றிஷாட்: எங்க உள்ளுக்கு? புருசன் எண்டு ஒரு ஒப்ஜெக்ட் செஞ்சிருக்காய். பேர் இரிக்கு, வயசு இரிக்கு, தொழில் இரிக்கு. விலாசம் இல்ல.

உதயரூபன்: அது மனிசிட்டக் கேட்டு எடுக்கும்.

றிஷாட்: மனிசிட்டக் கேட்டா?

உதயரூபன்: ஓம். மனிசிட்ட வீடு கிடக்கு. வீட்டில விலாசம் கிடக்கு. ஆர் கேட்டாலும் புருசன், மனிசியக் கேட்டுத்தான் சொல்லுவான்.

றிஷாட்: அப்ப மனிசி மௌத்தானா? செத்த ஆள்ட்டக் கேக்க ஏலாது. அதான் நிக்குது. முதல் கிழமையே மிஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாவே மச்சான்! ஒவ்வொரு ஒப்ஜெக்டும் தன்ட சாமானத் தன்ட பெட்டிக்குள்ள வெச்சிருக்கணும், அடுத்த ஆள்ட பெட்டிய நம்பி நிக்கக் கூடாது எண்டு.

உதயரூபன்: பழைய கை மச்சான். மேல இருந்து கீழ ஒரே ஓட்டமா எழுதிப் பழகின கை.

றிஷாட்: கையில பழி போடாத. பழைய மாதிரி எண்டா எல்லாத்தயும் ஒரே இடத்தில கொட்டி வெச்சிருப்பாய். இது வேற பிழை.

உதயரூபன்: வேற எப்பிடி எழுதுற? எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தானே. தாய் மகளுக்குக் குடுப்பா, மகள் அவட மகளுக்குக் குடுப்பா. ஆம்புளைட விலாசம் எண்டா அது அவன் கலியாணம் முடிச்ச வீடு.

றிஷாட்: எங்கட பக்கமும் அதேதான். நிஸ்றாட வீட்டிலதானே நானும்... ஏய், பொறு. அண்டைக்குக் குடும்பப் பயிற்சி குடுத்தாவே மிஸ், அதில நானும் இப்பிடித்தானே எழுதின?

உதயரூபன்: நீ மட்டுமா? வகுப்பு முழுக்க அப்பிடித்தான் எழுதிச்சு.

றிஷாட்: மிஸ் ஒண்டும் சொல்லல்லயே.

உதயரூபன்: மிஸ்ஸும் எங்கட பக்கம்தான், கல்லடி ஆள். அவட புருசனும் அவட வீட்டிலதான் இருக்கார். அவவுக்கு எப்பிடிப் பிழையாத் தெரியும்?

றிஷாட்: யா அல்லாஹ். இந்தப் பாடப் புத்தகத்த எழுதின இங்கிலீசுக்காரன் பாத்தா மயங்கி விழுவான். சரி விடு. திருத்துறது சின்ன வேலை. பொஞ்சாதி மௌத்தானா புருசன் எங்க போறான் எண்டு ஒரு விதி சொல்லு. நான் டக்கெண்டு எழுதித் தாறன்.

உதயரூபன்: விதி எண்டா...?

றிஷாட்: விதி எண்டா விதிதான். எங்க போவான்? தாய் வீட்ட?

உதயரூபன்: தாய் வீடு தங்கச்சிக்குப் போயிருக்கும்.

றிஷாட்: சரி, தங்கச்சி வீட்ட.

உதயரூபன்: அத தங்கச்சி அவட மகளுக்குக் குடுத்திருப்பா. அங்க ஒரு மருமகன் வந்திருப்பான். தங்கச்சிட புருசனே அங்க ஓரமாத்தான் படுப்பான்.

றிஷாட்: அண்ணன் தம்பி?

உதயரூபன்: அவனுகளும் மனிசிமார்ர வீட்டில.

றிஷாட்: அட, ஒரு ஆம்புளைக்குமா வீடில்ல?

உதயரூபன்: நீ எங்க இருக்கிறாய், அத முதல்ல சொல்லு.

றிஷாட்: என்னச் சேக்காத. எங்கட வாப்பாட கதை தெரியுமா? உம்மா மௌத்தாகி, நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச கையோட வாப்பாக்கு ஏறாவூரில ஒரு பொம்புளை பாத்தம். அழகையா பாத்தம்? சமையலையா பாத்தம்? அவக்கு ஒரு வீடு இரிந்திச்சு. அதத்தான் பாத்தம்.

உதயரூபன்: அப்ப அதையே விதியாப் போடு. 'இறந்தவர்' எண்டு அமத்தினா உடன புதுப் பொம்புளை வரட்டும்.

றிஷாட்: போடட்டா? மிஸ் செருப்பால அடிப்பா. அங்க பார்... சிரிக்கிறான். மூண்டு மாசத்தில முதல் தரம் சிரிக்கிறாய் மச்சான். பொறு, டெஸ்ட்டுக்குப் போட்ட ஆக்கள ஒருக்கா... இதென்ன?

உதயரூபன்: எது?

றிஷாட்: மங்கையற்கரசி. உதயன், இது... உன்ட மனிசிட பேரெல்லுவா?

உதயரூபன்: ஓம்.

றிஷாட்: மகள் கம்சாயினி, மருமகன் சிவதர்ஷன். உன்ட வீட்டயே போட்டிருக்கிறாயே மச்சான். செத்த வீட்டுக்கு நானும் வந்தனே. ஏன்டா இப்பிடி? கந்தன், வள்ளி எண்டு ரெண்டு பேரப் போட்டா ஆகாதா?

உதயரூபன்: முதல் நாள் மிஸ் என்ன சொன்னா? உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தப் போடுங்க எண்டா. எனக்குத் தெரிஞ்ச குடும்பம் அது ஒண்டுதான்.

றிஷாட்: அப்ப இந்தப் பட்டன...

உதயரூபன்: மூண்டு மாசமா அவட பேரில அதத் தொடவே இல்ல. மத்தது எல்லாத்தயும் அமத்திப் பாத்தன். இண்டைக்கு மிஸ் கட்டாயம் அமத்துவா, அவ அமத்திறதுக்கு முதல் நானே அமத்துவம் எண்டு காலையிலதான்...

றிஷாட்: ம்.

உதயரூபன்: அமத்தினன். அவட பேர் சாம்பலாப் போச்சு. வீடு மகள்ட பேருக்குப் போச்சு. அதெல்லாம் சரியாத்தான் நடந்துது. என்ட பேருக்கு நேர ஒண்டும் இல்ல. மறுகா நிண்டுட்டு. நானும் அப்பிடியே இருந்துட்டன்.

றிஷாட்: தண்ணியக் குடி. குடி முதல்ல.

உதயரூபன்: ஒண்டும் இல்ல. விடு. திருத்துவம். நேரம் போகுது.

றிஷாட்: திருத்துவம். அதுக்கு முதல் ஒண்டு கேக்கட்டா? கோவிக்கக் கூடாது.

உதயரூபன்: கேள்.

றிஷாட்: நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலதான் போறம். உன்ட ஊர் கிரான் சந்தி வந்தா நீ ஏன் இறங்காம நித்திரை மாதிரி நடிக்கிற?

உதயரூபன்: நடிக்கிறனா? களைப்பு.

றிஷாட்: சரியாக் கிரானுக்கு மட்டும் வாற களைப்பா?

உதயரூபன்: ஓட்டமாவடியில கபூர் ஹாஜியார்ர நெல்லு மில்லுல வேலை கிடக்கு எண்டு சொன்னனே. அவர்ர புரோகிராமத் திருத்திக் குடுக்கணும்.

றிஷாட்: அப்துல் கபூர் எனக்கு மாமா முறை மச்சான். மில்லு ஓபிஸில, மேசைக்குக் கீழ ஒரு பாய் சுருட்டி வெச்சிருக்காம். அது ஆருட பாய் எண்டு எனக்குத் தெரியாதா?

உதயரூபன்: ...எப்ப தெரியும்?

றிஷாட்: தொடங்கி ரெண்டாம் கிழமை.

உதயரூபன்: ஒண்டும் கேக்கல்லயே நீ.

றிஷாட்: எப்பிடிக் கேக்கிற? நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ வாயத் திறந்தாத்தானே. மகள் துரத்திட்டாளா?

உதயரூபன்: சீ! நாக்கக் கழுவு! என்ட புள்ள அப்பிடி இல்ல.

றிஷாட்: அப்ப மருமகன்?

உதயரூபன்: அவர் பழுதில்லாத பொடியன். ஒரு சொல்லுக் கூடச் சொன்னதில்ல.

றிஷாட்: பின்ன என்னத்துக்குடா உமிக்குள்ள கிடந்து உழலுறாய்?

உதயரூபன்: சொன்னாச் சிரிப்பாய்.

றிஷாட்: சிரிக்க மாட்டன்.

உதயரூபன்: மங்கைட காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள். ஒரு பின்னேரம் வெளிய போயிட்டு வாறன். வாசல்ல மருமகன் இருந்தார். என்னக் கண்டதும் எழும்பி, 'வாங்க மாமா, வாங்க, இரிங்க' எண்டு கதிரைய இழுத்துப் போட்டார்.

றிஷாட்: ஓ... மறுகா?

உதயரூபன்: அவ்வளவுதான்.

றிஷாட்: அது மரியாதைதானே மச்சான்?

உதயரூபன்: மரியாதைதான். ஆனா யோசிச்சுப் பார். அந்த வாசலால எத்தின வரிசம் போய் வந்தன். ஆரும் என்ன வாங்க எண்டு சொன்னதில்ல. மங்கை குசினிக்க நிண்டு, 'இவ்வளவு நேரமும் எங்க அலைஞ்ச?' எண்டு கத்துவா. அதான் நான் வீட்ட வந்ததுக்கு அடையாளம். அண்டைக்குக் கதிரையில இருந்தன். மகள் தேத்தண்ணி கொண்டு வந்தா. தட்டத்தில வெச்சு.

றிஷாட்: தட்டத்திலயா...

உதயரூபன்: குடிச்சன். குடிச்சு முடிய, என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. வந்த ஆள் தேத்தண்ணி குடிச்சா எழும்பிப் போகத்தானே வேணும்?

றிஷாட்: சிரிக்க ஏலாது மச்சான் இதுக்கு.

உதயரூபன்: அவங்கள்ல பிழை இல்ல. புதுசா முடிச்ச புள்ளையள். வீடும் அவளுக்குத்தான், மங்கை இருக்கக்கயே எழுதிக் குடுத்துட்டா. அதுகள் அதில சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான்... இந்த ட்ரெய்னிங் வந்துது. டவுனில ஹொஸ்டல் தந்திருக்காங்க, தங்கித்தான் படிக்கணும் எண்டு சொல்லிட்டு வந்துட்டன்.

றிஷாட்: ஹொஸ்டலா! இந்தக் கட்டிடத்திலயா? இஞ்ச பூனைக்கே படுக்க இடமில்ல.

உதயரூபன்: ஒவ்வொரு நாளும் போன் எடுப்பா. அப்பா சாப்பிட்டீங்களா, ஹொஸ்டல்ல நுளம்பு கடிக்குதா எண்டு. இண்டைக்கு வீடு கூட்டினன், மாமரத்துக்குத் தண்ணி ஊத்தினன் எண்டு ஒண்டு விடாமச் சொல்லுவா. கேக்க நல்லா இருக்கும். வீடு நல்லாக் கிடக்கு, காணும் எண்டு படுத்திருவன்.

றிஷாட்: சரி. இண்டையோட ட்ரெய்னிங் முடிஞ்சு. ஹொஸ்டலும் முடிஞ்சு. இனி?

உதயரூபன்: அதான் தெரியல்ல.

றிஷாட்: இனியும் மில்லுதானா?

உதயரூபன்: அறுவடை தொடங்கினா அங்கயும் மூட்டை அடுக்கிருவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் உன்ட வீட்ட...

றிஷாட்: தலைக்கு மேல வெச்சுப் பாப்பன் மச்சான். நிஸ்றாட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு...

உதயரூபன்: பாத்தியா? நீயும் கேக்கத்தான் வேணும்.

றிஷாட்: ...ஓம். நானும் கேக்கத்தான் வேணும். சரி, இப்ப இதப் பார். புருசனுக்குத் தனியா ஒரு விலாசம் வெச்சு எழுதிட்டன். இனி மனிசியக் கேக்காது, நிக்காது. இந்தப் பெட்டியில நீ ஒரு விலாசம் அடிச்சாக் காணும். அடி.

உதயரூபன்: என்னத்த அடிக்கிற?

றிஷாட்: மகள்ட வீட்ட அடி. கிரான்.

உதயரூபன்: அவளக் கேக்காம எப்பிடி அடிக்கிற?

றிஷாட்: அப்பக் கேள்! பின்னேரம் சேட்டிபிக்கட் குடுக்கக்க வீட்டு ஆக்களயும் வரச் சொல்லித்தானே இரிக்கு. வாறாவா?

உதயரூபன்: வாறாவாம். சோத்துப் பார்சலும் கொண்டு வாறன், பகலைக்கே வந்திருவன் எண்டா. வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்கல்ல.

றிஷாட்: அல்ஹம்துலில்லாஹ். வந்த உடன கேள். மகள், நான் வீட்ட வரட்டா எண்டு. நாலு சொல்லு. வாய் வலிக்காது.

உதயரூபன்: உனக்கு வலிக்காது.

றிஷாட்: உதயன், நான் சொல்லுறதக் கேள். பெத்த புள்ளைட்டக் கேக்கிறதில ஒரு குறைச்சலும்... அங்க படியில ஒரு புள்ள வருது, பார். பையும் கையுமா.

உதயரூபன்: கம்சாதான்.

றிஷாட்: நான் ளுஹர் தொழுதுட்டு வாறன். துஆவும் கேக்கிறன். நான் வாறத்துக்குள்ள அந்தப் பெட்டியில விலாசம் இருக்கணும். வாங்க மகள், வாங்க. அப்பா இஞ்சதான் இரிக்கார். நான் இந்தா வாறன்.

கம்சாயினி: ஓம் மாமா. அப்பா... என்னப்பா இப்பிடி மெலிஞ்சு போய்?

உதயரூபன்: மெலிவா? ஹொஸ்டல் சாப்பாடு. நல்லாத்தான் போடுறாங்க. வா புள்ள, இதில இரு.

கம்சாயினி: இந்தாங்க, கணவாய் மீன் ஆணமும் புட்டும். சூடு ஆறமுதல் சாப்பிடுங்க.

உதயரூபன்: மருமகன் வரல்லயா?

கம்சாயினி: அவருக்கு லீவு இல்லயாம். பின்னேரம் வரப் பாப்பார்.

உதயரூபன்: வீட்டில எல்லாம் ஒழுங்குதானே?

கம்சாயினி: ஒழுங்குதான்பா. காலையில முத்தம் கூட்டிட்டுத்தான் வெளிக்கிட்ட.

உதயரூபன்: ம். நல்லது... நல்லது. கணவாய் உறைப்பா நல்லாக் கிடக்கு.

கம்சாயினி: ஹொஸ்டல் எங்கப்பா? மேலயா? உங்கட உடுப்புகள அடுக்கித் தாறன்.

உதயரூபன்: அது... அறைத் திறப்பு வோச்சரிட்ட. அவன் சாப்பிடப் போயிட்டான். அதுக்கு என்ன அவசரம்?

கம்சாயினி: சரிப்பா.

உதயரூபன்: புள்ள.

கம்சாயினி: என்னப்பா?

உதயரூபன்: இண்டையோட ட்ரெய்னிங் முடியுது.

கம்சாயினி: தெரியும்பா.

உதயரூபன்: இனி ஹொஸ்டல்ல இருக்க ஏலா.

கம்சாயினி: ...ஓம்.

உதயரூபன்: நான் ஒரு மூலையில கிடப்பன். விறாந்தையில ஒரு பாய் காணும். உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் வராது. காலையில வெளிக்கிட்டாப் பொழுதுபடத்தான் வருவன்... இண்டைக்கு நான் வீட்ட வரட்டா மகள்?

கம்சாயினி: இண்டைக்கா?

உதயரூபன்: ஓம்...

கம்சாயினி: இண்டைக்கு... இல்லப்பா, வந்து... ஒரு ரெண்டு மூண்டு நாள் கழிச்சு...

உதயரூபன்: சரி புள்ள, சரி. அவசரம் ஒண்டும் இல்ல. ஹொஸ்டல்ல கேட்டா இன்னும் ஒரு மாசம் விடுவாங்க. நான் சும்மாதான் கேட்ட. நீ அதுக்கு ஏன் முகத்த... சும்மா கேட்டதுடா மகள்.

கம்சாயினி: ஹொஸ்டல் எண்டு ஒண்டும் இல்லப்பா. நீங்க மில்லுல படுக்கிறது எனக்கு ஆக்கள் சொல்லித் தெரியும். ரெண்டு தரம் வந்தன். ஒரு நாள் பைப்படியில சேட்டுக் கழுவிக் கொண்டு நிண்டீங்க. பாக்க ஏலாம கேற்றடியில இருந்தே திரும்பிட்டன்.

உதயரூபன்: கிரானில இருந்து அவ்வளவு தூரம் வந்து... வந்த நீ கிட்ட வந்து, வாங்கப்பா வீட்ட போவம் எண்டு ஒரு சொல்லுக் கூப்பிட்டிருக்கலாமே புள்ள? நான் வந்திருப்பனே. ஓடி வந்திருப்பனே.

கம்சாயினி: நான் கிரானில இருந்து வரல்லப்பா. வாழைச்சேனையில இருந்து வந்தன், இவர்ர அம்மா வீட்ட இருந்து. நீங்க போய்க் கொஞ்ச நாளில, மாமன வெளிய அனுப்பிட்டு மருமகன் உள்ள இருக்கான் எண்டு ஆரோ இவர்ர காதுபடச் சொல்லிட்டாங்க. மாமா திரும்பி வராம இந்த வாசல் மிதிக்க மாட்டன் எண்டு அவர் அண்டைக்கே வெளிக்கிட்டுட்டார். அம்மாவும் இல்லாம, நீங்களும் இல்லாம, தனிய இருந்து பாத்தன்... ஏலல்லப்பா. அம்மா இல்லாத இடத்தில எங்களக் காணப் பிடிக்காமத்தான் நீங்க போனீங்க எண்டு நினைச்சு, போன்ல முத்தம் கூட்டினன், மரத்துக்குத் தண்ணி ஊத்தினன் எண்டு ஒவ்வொரு நாளும் பொய் சொன்னன். ஒருத்தரும் இல்லப்பா அங்க. வெளிக் கேற்றில இருந்து குசினி வரைக்கும் பூட்டிக் கிடக்கு. திறந்து கூட்டத்தான் ரெண்டு மூண்டு நாள் கேட்டன். நான் உங்கள எந்த வீட்டுக்கெண்டு கூப்பிடுற?